கீழே நின்று பேசுகிறவர்

லிஃப்ட் மெக்கானிக் எந்தப் பொருளின் பெயரை மறந்தாரோ, அந்தப் பொருள் எழும்பிப் போய்க் கூரையில் ஒட்டிக்கொண்டது. முதலில் சீப்பு போயிற்று. பிறகு இடது கால் செருப்பு; வலதை எப்படியோ நினைவில் பிடித்துவைத்திருந்தார். மைத்துனர் கல்யாணத்துக்குக் கொடுத்த பூ ஜாடி போனபோது அதை இறக்க யாரும் மெனக்கெடவில்லை. பழுதுபார்க்கப் போன இடத்தில் லிஃப்ட் குழிக்குள் விழுந்து, மண்டையில் அடிபட்டு, நெடுநாள் கண்மூடிக் கிடந்து வீடு திரும்பியதிலிருந்து இப்படித்தான். மேல்மாடிக்காரர்கள் தரையில் டொக்டொக்கென்று சத்தம் கேட்கிறது என்பதைத் தவிர வேறு குறை சொல்லவில்லை.

வந்த உறவினர்கள் எல்லாரும் அவருக்குப் பரீட்சை வைத்தார்கள். "டேய், நான் யாருன்னு சொல்லு பார்ப்போம்" என்று அண்ணன் விடாமல் நச்சரித்ததில் அவருக்கு வியர்த்துக் கொட்டியது, அண்ணன் ஒரு சாண் எழும்பினார். அதன்பிறகு நலம் விசாரிப்பதைப் போனோடு நிறுத்திக்கொண்டார். மனைவியும் சளைத்தவளல்ல. தையல் வேலை செய்கிறவள், காலையில் மெஷினில் உட்காருமுன் "நான் யாரு?" என்று கேட்டுப் பதில் வாங்காமல் ஊசியில் நூல் கோக்கமாட்டாள். சில வருடங்கள் சரியாகவே பதில் வந்தது. ஒருநாள் அவர் முன்பின் தெரியாதவர்களிடம் சிரிப்பதுபோல் சிரித்து, "உட்காருங்க" என்றார். அவளால் உட்கார முடியவில்லை. ட்யூப் லைட்டுக்குப் பக்கத்தில் இருந்தாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து வாராவாரம் வரும் மனநல ஆலோசகர் அண்ணாந்து பார்த்து, "அவருக்குப் பரீட்சை வைக்காதீங்கக்கா. நீங்களே சொல்லிடுங்க" என்றாள்.

"இத்தனை வருஷம் குடும்பம் நடத்திட்டு, நான் யாருன்னு நானே சொல்லிக்கணுமா? அவர் வாயால வரணும்மா எனக்கு."

ஆலோசகர் நாற்காலிமேல் ஏறி நின்று அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். மனைவி அழுது முடிக்கும்வரை கண்ணீர் ஆலோசகரின் மூக்குக்கண்ணாடியில் சொட்டியது. பிறகு மெல்ல இழுத்து இறக்கினாள். மறுநாளிலிருந்து மனைவி, திரைச்சீலைக்குப் பாரமாக வைக்கும் ஈயக் குண்டுகளைத் தன் உடையின் ஓரத்தில் தைத்துக்கொண்டாள். கேள்வியை மட்டும் விடவில்லை.

அதே ஆஸ்பத்திரியின் மூளைத்துறைத் தலைவருக்கு எவ்வளவு பட்டங்கள் என்றால், பெயர்ப்பலகை சுவர் திரும்பி அடுத்த அறைக் கதவுவரை போயிற்று. அவர் நினைவாற்றல் மீட்பு மையம் ஒன்றைத் திறந்துவைத்தார். விழா புல்வெளியில், மேடைக்கு மட்டும் துணிக்கூரை. காட்சிப்பொருள் மெக்கானிக். வேண்டாம் என்று சொன்ன ஆலோசகருக்குக் கடைசி வரிசையில் இடம் கொடுத்தார்கள். தலைவர் மைக்கில், கீழே முதல் வரிசையில் இருந்த மனைவியைக் காட்டி, "இந்த அம்மா யாரு?" என்றார். மெக்கானிக்குக்கு வியர்த்தது. ஈயம் போதவில்லை. அவள் மரங்களைத் தாண்டி, மூன்றாம் மாடி ஜன்னல்களைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தாள். அங்கே தடுக்கக் கூரை இல்லை. மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளத் தலைவர், "சரி, என்னையாவது தெரியுதா?" என்று கேட்டு, மைக்கோடு துணிக்கூரையில் முட்டி நின்றார்.

மெக்கானிக் மேடை ஓரத்துக்கு வந்து அவளை அண்ணாந்து பார்த்தார். யாரென்று தெரியவில்லை; யாரோ மேலே மாட்டிக்கொண்டார்கள் என்பது தெரிந்தது. லிஃப்டில் மாட்டியவர்களிடம் நீ யார் என்று அவர் என்றைக்கும் கேட்டதில்லை. கதவு திறக்கும்வரை கீழே நின்று பேசிக்கொண்டே இருப்பார். "பயப்படாதீங்கம்மா, நான் இங்கதான் நிக்கிறேன். மூச்சை நல்லா விடுங்க. கதவை உதைக்காதீங்க, வாரண்டி போயிடும்."

கல்யாணமான நாளிலிருந்து கேட்டுச் சலித்த ஜோக். அவளுக்குச் சிரிப்பு வந்தது. நான் யாரு என்ற கேள்வி வாய்வரை வந்தது, விழுங்கினாள். "நான்தாங்க, உங்க பொண்டாட்டி" என்று மேலிருந்து கத்தினாள்.

"அப்படியா? சந்தோஷம். மெதுவா வாங்க."

ஒவ்வொரு மாடியாக நின்று நின்று இறங்கி வந்தாள். தலைவரிடமும் மெக்கானிக் ஆறுதலாகத்தான் பேசினார். ஆனால் இதெல்லாம் ஏற்கெனவே திட்டமிட்ட செயல்விளக்கம் என்று மேலிருந்து உரையாற்றிக்கொண்டிருந்ததால் அவர் காதில் விழவில்லை. உரை முடிந்தபின் இறங்கலாம் என்று விட்டுவிட்டார்கள்.

இப்போது அந்த வீட்டில் பரீட்சை கிடையாது. இது சீப்பு என்று அவளே சொல்ல, சீப்பு இறங்கி வருகிறது. பூ ஜாடியைப் பற்றி யாரும் பேச்செடுப்பதில்லை. மாலையில் அவர் மறந்துபோய் அவள் எழும்பும்போது பொத்தான் தைக்கும் வேலையைக் கையோடு எடுத்துக்கொள்கிறாள். ட்யூப் லைட் பக்கம் வெளிச்சம் நன்றாயிருக்கிறது. கீழே நின்று அவர், "யாருங்க மேல?" என்கிறார். அவள் சொல்கிறாள். அப்படியா என்று ஒவ்வொரு முறையும் புதிதாகச் சந்தோஷப்படுகிறார்.