தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றொன்பதில் நிற்கும் மிஷின்

1

இந்தக் கதை எனக்கு மீஞ்சூரைத் தாண்டிய காலை வண்டியில் கிடைத்தது. கிடைத்தது என்றால் யாரும் கொடுக்கவில்லை. எதிர் சீட்டுக்காரர் மடியிலிருந்து நானாக எடுத்துக்கொண்டேன்.

நான் திருநின்றவூரிலிருந்து பேசின் பிரிட்ஜில் வண்டி மாறி கும்மிடிப்பூண்டிக்கு வேலைக்குப் போகிறவன். எழுதுவதெல்லாம் வண்டியில்தான். அன்றைக்குக் கையிலிருந்தது வேறு கதை. பல நூற்றாண்டுக்கு முன்னால் ஏதோ ஒரு வெள்ளைக்கார ஊரில், உலகத்தின் முதல் கணக்கு மிஷினைச் செய்ய ஒருவன் மல்லுக்கட்டுகிறான். ஆரம்பம் இப்படி:

“மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் அவன் பல்சக்கரத்தைத் தூக்கிப் பிடித்தபோது, ஜன்னலுக்கு வெளியே பனி பொழிந்து—”

பனி பொழிந்து நான் பார்த்ததே இல்லை. மார்கழியில் பொன்னேரிப் பக்கம் கொஞ்சம் இறங்கும், அதிலும் பாதி புகை. வாக்கியத்தை அங்கேயே விட்டுவிட்டு நிமிர்ந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்தவர் மடியில் ஒரு துணிப்பை இருந்தது. வண்டி குலுங்கும்போதெல்லாம் அதற்குள் டக், டக் என்று ஏதோ சத்தம்.

“என்னங்க அது?”

“கணக்கு மிஷினு சார்.”

“கால்குலேட்டரா?”

முறைத்தார். “கால்குலேட்டர் கடைல விக்கிது. இது நான் பண்ணது.”

வெளியே எடுத்தார். வரிசையாகப் பித்தளைச் சக்கரங்கள், பக்கத்தில் ஒரு கைப்பிடி, மேலே எண் தெரிய சின்னச் சின்ன ஓட்டை. சுற்றினார். 997. 998. 999. அதற்கு மேல் கைப்பிடி நகரவில்லை.

“இங்கதான் சார் பேஜாரு,” என்று சொல்லிப் பையில் போட்டுக்கொண்டார். வெள்ளைக்காரனை நான் அன்றோடு கைவிட்டேன்.

2

பெயரை மாற்றிவிடுகிறேன் என்று சொல்லிப் பார்த்தேன். “எதுக்கு மாத்தணும்? நானா திருடுனேன்?” என்றார். ஆகவே பெயர் பாக்கியநாதன்தான். ஒரு ஏற்பாடு மட்டும் செய்துகொள்கிறேன்: வண்டியில் இருப்பவர் ‘அவர்’, கதைக்குள் இருப்பவன் ‘அவன்’. கதைக்குள் வந்தால் யாருக்குமே மரியாதை குறைந்துவிடுகிறது, என்ன செய்ய.

பாக்கியநாதன் கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் வால்வு செய்யும் பட்டறை ஒன்றில் லேத் ஓட்டுகிறான். மனைவி ஹெலன் அதே பேட்டையில், டிரம்மில் பெயிண்ட் தின்னர் நிரப்பும் ஒரு கம்பெனியில் கான்ட்ராக்ட் வேலை. தின்னர் ஆவி தீப்பிடிக்க ஒரு பொறி போதும். அதனால் பாட்டரி உள்ள எதுவும் உள்ளே போகக்கூடாது. செல்போன், வாட்ச், கால்குலேட்டர், எல்லாம் கேட்டிலேயே கொடுத்துவிட வேண்டும். ஒரு லோடுக்கான டிரம்களின் எடையை ஹெலனும் கங்கம்மா என்ற இன்னொரு பெண்ணும் தாளில் தனித்தனியாகக் கூட்டுவார்கள். இரண்டு தொகையும் ஒத்துப்போனால் லாரி கிளம்பும். ஒத்துப்போகாவிட்டால் லாரிக்காரன் ஹாரன் அடிப்பான், சூப்பர்வைசர் கத்துவான், மறுபடி முதலிலிருந்து கூட்டல். தப்பு எப்போதும் ஹெலனுடையதுதான். இன்னொரு முறை தப்பு வந்தால் கேட்டுக்கு வெளியே நின்றுகொள் என்று சொல்லிவிட்டார்கள்.

[பொறி வராத கால்குலேட்டரே விற்கிறதே என்று கேட்கும் வாசகருக்கு: விற்கிறது. விலையை விசாரித்த மேனேஜர், “கான்ட்ராக்ட் ஆளுங்களுக்கு மண்டை இருக்குல்ல?” என்றாராம். உங்கள் சந்தேகம் தீர்ந்திருக்கும்.]

இனி கதை.

“அன்று ஹெலன் கண்ணீரோடு வீடு திரும்பினாள். பாக்கியநாதன் அவள் கைகளைப் பற்றி—”

பற்றவெல்லாம் இல்லை. அவன் டிவி பார்த்துக்கொண்டிருந்தான். அவள் சாப்பாட்டுப் பையை மூலையில் வைத்துவிட்டு அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

“கூட்டல் கொஞ்சம் சொல்லிக் குடுய்யா. எட்டும் ஏழும் பதினஞ்சு, அஞ்சு போட்டு கைல ஒண்ணுன்னு வெச்சிக்கிறேன். அடுத்த வரிக்குப் போறதுக்குள்ள அந்த ஒண்ணு மறந்து பூடுது.”

“கூட்டல் இன்னா பெரிய வித்தையா? ஒனக்கு ஒரு மிஷினே பண்ணித் தர்றேன் பாரு,” என்றான் பாக்கியநாதன். டிவியை அணைத்தான். அவனுக்கு உடம்பெல்லாம் புல்லரித்துவிட்டது.

4

மூன்றாம் பகுதியைத் தேடாதீர்கள். அதில் பாக்கியநாதனின் மேதைமையைப் பற்றி நீட்டி முழக்கியிருந்தேன். திரும்பப் படித்தபோது எனக்கே கூச்சமாகிவிட்டது. கவரைப்பேட்டை தாண்டுவதற்குள் கிழித்துப் போட்டேன். அவன் மேதை இல்லை. வாய் ஜாஸ்தி, பிடிவாதம் அதைவிட ஜாஸ்தி.

முதல் மிஷினை இரும்பில் செய்தான். ஹெலன் பார்த்தவுடனே உதட்டைப் பிதுக்கினாள்.

“இத்த கேட்டுலயே புடுங்கிக்குவாங்க. இரும்பும் இரும்பும் ஒரசுனா பொறி வரும். எங்க ஸ்பேனரே பித்தளதான்.”

“மொதல்லயே சொல்றதுக்கு இன்னா?”

“நீ எங்க கேட்ட?”

இரும்பைத் தூக்கிப் போட்டுவிட்டுப் பித்தளைக்கு மாறினான்.

[இந்த இடத்தில் ஹெலனின் அம்மா சீராகக் கொடுத்த பித்தளை அண்டாவை உருக்கியதாக எழுதியிருந்தேன். என் மனைவி இளமதி படித்துவிட்டு, “யார் வீட்ல இப்ப அண்டா இருக்கு? ஒரு பொம்பளையோட பொருளை உருக்காம உங்களுக்குக் கதை வராதா?” என்றாள். அண்டாவை எடுத்துவிட்டேன். பட்டறையில் வேஸ்ட் வால்வுகள் கிடந்தன, அவ்வளவுதான்.]

மிஷின் என்ன செய்ய வேண்டும் என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். சக்கரத்துக்குப் பத்துப் பல். ஒரு சக்கரம் ஒன்பதிலிருந்து பூஜ்யத்துக்குத் திரும்பும்போது, பக்கத்துச் சக்கரத்தை ஒரு பல் தள்ளிவிட வேண்டும். ஹெலன் மறக்கிற ‘கைல ஒண்ணு’ இதுதான். ஒன்பது பத்தாயிற்று. தொண்ணூற்றொன்பது கொஞ்சம் முரண்டு பிடித்து நூறாயிற்று. மூன்று சக்கரமும் ஒன்பதில் நின்றால்தான் வினை. ஓரத்துச் சக்கரம் ஒற்றை ஆளாக மற்ற எல்லாவற்றையும் ஒரே சமயத்தில் தள்ள வேண்டியிருந்தது. கைப்பிடி நகரவில்லை. அமுக்கித் திருப்பினான், பல் உடைந்தது. தடித்த பல்லாக வைத்தான், கைப்பிடி உடைந்தது.

பட்டறையில் அவனைப் பார்த்ததும், “இன்னா பாக்கி, ஆயிரம் பொறந்துச்சா?” என்று கேட்க ஆரம்பித்தார்கள். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போவதை விட்டான். சோற்றில் கை வைத்துக்கொண்டே சக்கரத்தை வெறித்தான். ஒரு நாள் ஹெலன் ஒரு தாளைக் கொண்டுவந்து அவன் முன்னால் வைத்தாள். பழைய லோடு ஒன்றை அவளாகக் கூட்டிப் பார்த்திருந்தாள்.

“இத்த மட்டும் ஒரு தபா சரியான்னு பாரேன்.”

“ஒனக்காகத்தான இங்க மாரடிச்சிகினு கீறேன்? மிஷினு வர்ற வரைக்கும் பொறுக்க முடியாதா?”

அவள் தாளை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

அடுத்து ஞானோதயம் வர வேண்டும். மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ரயில்வே கேட் தூக்கும் எடைக்கட்டையைப் பார்த்து வருகிறது: இதற்குக் கொஞ்சம் படித்தவனாக இருக்க வேண்டும். கனவில் வருகிறது: சகிக்கவில்லை. மிச்சம் இருப்பது கும்மிடிப்பூண்டி பிளாட்பாரம்தான். காலை வண்டி நிற்கிறது. வாசலில் ஆள் மேல் ஆள். பின்னால் இருப்பவன் எவ்வளவு முட்டினாலும் கூட்டம் அசையவில்லை. அப்புறம் ஒவ்வொருவனும் தனக்கு முன்னால் நிற்பவனைத் தள்ளினான், பெட்டி காலியாகிவிட்டது. பாக்கியநாதன் இறங்கியது இறங்கியபடி நின்றான். ஓரத்துச் சக்கரம் எதற்கு எல்லோரையும் தள்ள வேண்டும்? சக்கரத்துக்கு ஒரு சின்ன எடைக்கல் தொங்கட்டும். சக்கரம் சுற்றச் சுற்ற அது மேலே ஏறட்டும். ஒன்பதில் உச்சியில் காத்திருக்கட்டும். லேசாகத் தொட்டால் தானே விழுந்து, பக்கத்துச் சக்கரத்தைத் தள்ளிவிட்டுப் போகட்டும்.

விழுந்தது, தள்ளியது, அது விழுந்து அடுத்ததைத் தள்ளியது. 1000. பாக்கியநாதன் அழுதான். இதில் எனக்குச் சந்தேகமே இல்லை, அவன் அழுதிருப்பான்.

5

தின்னர் கம்பெனியில் பாதுகாப்பு வார விழா. கேட்டுக்கு வெளியே ஷாமியானா, மைக், பரிசாகக் கொடுக்க ஹாட்பேக்குகள். ஹெலன் கெஞ்சிக் கேட்டதால் மேடையில் அவள் புருஷனுக்கும் இடம் கிடைத்தது. பாக்கியநாதன் இஸ்திரி போட்ட சட்டையில் நின்றான். ஒரு லோடின் எடைகளை அவன் மிஷினில் கூட்ட, கீழே கங்கம்மா தாளில் கூட்டினாள். தொகை ஒத்துப்போயிற்று. மேனேஜர் மோகன்ராஜ் எழுந்துவந்து தோளைத் தட்டி, மைக்கை அவன் வாய்க்கு நேராகப் பிடித்தார்.

“இப்ப ரெண்டு பேர் கூட்டுறாங்க. இது இருந்தா எத்தனை பேர் வேணும்?”

பாக்கியநாதன் யோசிக்கவே இல்லை. வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு மேனேஜர் அவனிடம் கேள்வி கேட்டிருக்கிறார்.

“ஒரே ஆள் போதும் சார். தப்பே வராது.”

கைதட்டல். ஹெலனும் தட்டினாள். பாதித் தட்டலில் அவள் கை நின்றுவிட்டது.

6

யாரை வேலையிலிருந்து நிறுத்துவார்கள்? தப்பாகக் கூட்டுகிறவளைத்தான். மிஷின் உள்ளே போயிற்று, ஹெலன் வெளியே வந்தாள். தெருவில் பாக்கியநாதனைப் பார்த்த கங்கம்மா திட்டவில்லை. சலித்துக்கொண்டாள்.

“எனக்கு இன்னாத்துக்கு நைனா மிஷினு? எனக்குத்தான் மண்டைலயே வருதே. அது வேணும்னு கீறவ ஊட்ல குந்திகினு கீறா.”

“அவன் வானத்தைப் பார்த்தான், வானத்தில்—” என்று எழுதி அடித்துவிட்டேன். வானத்தில் என்ன இருக்கும்? கதையை அங்கேயே முடித்தேன். கசப்பாக, சரியாக வந்திருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை.

7

ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மீஞ்சூரில் அவர் வீட்டுக்குப் போய் வாசித்துக் காட்டினேன். நிஜத்தில் அவர் மிஷின் இன்னமும் 999-இல்தான் நின்றுகொண்டிருந்தது. எடைக்கல் யோசனை என்னுடையது. வெள்ளைக்காரனுக்காகப் படித்து வைத்திருந்ததை இவனுக்குத் தூக்கிக் கொடுத்திருந்தேன்.

எடைக்கல் வந்த இடத்தில் பாக்கியநாதன் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“சார், நில்லுங்க. இன்னா சொன்னீங்க? ஒம்போதுல மேல காத்துகினு கீதா?”

“கதை சார் அது.”

“இன்னா கதை? இது ஓடும் சார்!”

காலண்டர் தாளைக் கிழித்து வரைய ஆரம்பித்துவிட்டார். மேடையை வாசித்தேன், கைதட்டலை வாசித்தேன், ஹெலன் வேலை போனதை வாசித்தேன். அவர் காதில் எதுவும் விழவில்லை. “கம்பெனில நெசமாவே விழா அடுத்த மாசம் சார், டைம் கீது,” என்றார்.

ஹெலன் கதவருகே நின்று முழுவதையும் கேட்டுக்கொண்டிருந்தார். இவருக்கும் கதையில் ‘அவள்’ என்றுதான் எழுதியிருந்தேன் என்பது அப்போதுதான் உறைத்தது.

“முடிவு பிடிக்கலையா? மாத்திடலாங்க,” என்றேன். “மிஷின் மேடைல நின்னுபோச்சுன்னு வெச்சா வேலை தப்பிச்சிடும். இல்ல, மேனேஜரை நல்லவரா—”

“நான் இன்னா கேட்டேன்னு நீங்களே எழுதிகீறீங்களே சார், ஆரம்பத்துல.”

பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன்.

“மிஷினு வோணும்னா கேட்டேன்? சொல்லிக் குடுன்னு கேட்டேன். பக்கத்துல குந்தி ரெண்டு நாளு சொல்லிக் குடுத்திருந்தா முடிஞ்சிருக்கும். இந்த ஆளுதான் காதுல வாங்கலன்னா, எழுதுன நீங்களும் வாங்கல. எழுதிட்டு தாண்டிப் பூட்டீங்க.”

எனக்குச் சுருக்கென்றது. பாக்கியநாதன் வரைந்துகொண்டே, “சும்மா இரு ஹெலனு, ஒரு நிமிஷம்,” என்றார்.

[நீங்களும்தான் தாண்டிப் போனீர்கள் என்று இங்கே ஒரு அடிக்குறிப்பு போடலாம். போட எனக்கு யோக்கியதை இல்லை.]

8

நேற்றுக் காலை வண்டியில் இருவரும் ஏறினார்கள். அவர் மடியில் பை. வண்டி குலுங்கியது, டக் என்ற சத்தம் இல்லை. மிஷினை எடுத்து என் முழங்கால் மேல் வைத்தார். ஓட்டைகளில் 999. சக்கரத்துக்கு ஒன்றாகச் சின்னச் சின்னப் பித்தளை எடைக்கற்கள் உச்சியில் காத்திருந்தன.

“இதுக்கு மேல நான் இன்னும் சுத்தல சார். உங்க ஐடியா, நீங்கதான் மொதல்ல சுத்தணும்.” கோயில் பிரசாதத்தை நீட்டுகிற முகம் அவருக்கு.

சுற்றினால் ஆயிரம் வரும். ஆயிரம் வந்தால் மேடை வரும், மைக் வரும், அந்தக் கேள்வி வரும். அவர் என்ன பதில் சொல்வார் என்று எனக்குத் தெரியும், நானே எழுதியது. சுற்றாமல் திருப்பிக் கொடுத்தால் அடுத்த ஸ்டேஷனில் அவரே சுற்றிக்கொள்வார். நான் எழுதிய எந்த முடிவும் இந்த வண்டியில் செல்லாது.

அதனால் மிஷினை இப்படியே உங்கள் பக்கம் திருப்பி வைக்கிறேன். கைப்பிடி உங்கள் கைக்கு எட்டும்.

ஆனால் ஜன்னல் ஓரத்தையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். ஹெலன் பழைய தாள் ஒன்றை மடியில் விரித்து வைத்திருக்கிறார். கையில் குட்டைப் பென்சில். உதடு அசைகிறது. வண்டிச் சத்தத்தில் எனக்குக் கேட்கிறது, உங்களுக்கும் கேட்கும்.

“எட்டும் ஏழும் பதினஞ்சு. அஞ்சு போட்டு…”