தலைதட்டாத வீட்டு வண்டி

அன்று காலை கர்ணனின் ஒர்க்‌ஷாப்பில் இருந்தவர்கள் இவர்கள்: ஒர்க்‌ஷாப்பை நடத்தும் கர்ணன்; எங்களிடம் வண்டி வாங்கிய ராயப்பன்பட்டி இம்மானுவேல்; அந்த வண்டியை ஓட்டுகிற அவர் மகள் ஜாய்ஸ்; என் மகன் சுரேஷ்கண்ணன்; என் மனைவி ராஜாத்தி; எதிரே டீக்கடை வைத்திருக்கும் மூக்கம்மாள்; ஈஸ்வரபாண்டியாகிய நான். வேறு யாரும் இல்லை. சின்னமனூரிலிருந்து கம்பம் வரைக்கும் இன்று அன்று நடந்ததை நேரில் பார்த்ததுபோலப் பேசுகிறவர்களில் ஒருவர்கூட அங்கே இல்லை. அதனால் நானே சொல்லவேண்டியிருக்கிறது.

எங்கள் வீட்டுக்குத் தலைதட்டாத வீடு என்று பெயர். மரக்காலில் தானியம் அளக்கும்போது விளிம்புக்கு மேல் குவிந்து நிற்பதைக் கையால் வழித்துவிட்டுக் கொடுப்பதைத் தலை தட்டுவது என்பார்கள். எங்கள் வீட்டில் தட்டுவதில்லை. குவியலோடு கொடுப்போம். இப்போது மரக்கால் இல்லை, திராட்சைதான். பெட்டியின் எடை சரியாக நின்ற பிறகும் மேலே ஒரு கொத்து வைத்துத்தான் மூடுகிறோம். கமிஷன் கடையில் எங்கள் பெட்டியை மறு எடை போடமாட்டார்கள். இன்னொன்றும் உண்டு. நாங்கள் விற்ற எதுவும், மாடோ மோட்டாரோ, குறை சொல்லப்பட்டு எங்கள் வாசலுக்குத் திரும்பி வந்ததில்லை.

அந்த வண்டி ஏழு பேர் உட்காரும் டீசல் வண்டி. மலைக்கும் காட்டுக்கும் பல வருடம் எங்களோடு வந்தது. மகன் சின்ன கார் வாங்கியதும் இதை விற்றுவிடலாம் என்றான். மேகமலைக்கு வருகிற வெளியூர்க்காரர்களை ஏற்றிப்போக ஜாய்ஸுக்கு ஒரு வண்டி வேண்டுமென்று இம்மானுவேல் கேட்டார். கொடுத்தோம். கொடுப்பதற்கு முன் கர்ணனிடம் எஞ்சின் ஆயில் மாற்றினோம். வெளியே மட்டுமல்ல, பானெட்டைத் திறந்து எஞ்சின் வரைக்கும் வாட்டர் வாஷ் செய்தோம். விற்கிற மாட்டைக் குளிப்பாட்டிக் கொம்பு துடைத்துத்தான் கயிறு மாற்றிக் கொடுப்போம். வண்டிக்கும் அதே முறைதான்.

ஒரு மாதம் ஆகியிருக்காது. வண்டி ஆயில் ஒழுகுகிறது என்று இம்மானுவேல் என் மகனுக்குப் போன் செய்தார். "வீட்டுக்குக் கொண்டு வாங்க மாமா, பாத்துக்கலாம்" என்று இவன் சொல்லிக்கொண்டிருந்தான். போனை வாங்கி, "இங்கே வேண்டாம். கர்ணன் கடைக்கு வரட்டும், நானும் வர்றேன்" என்றேன். அதற்குள் கமிஷன் கடையில் ஒருவன், "தலைதட்டாத வீடு இப்பத் தலையத் தடவுற வீடாப் போச்சு" என்று சொல்லிச் சிரித்திருக்கிறான். அன்றைக்கு எங்கள் பெட்டிகளில் ஒன்றை எடுத்துத் தராசில் வைத்தும் பார்த்திருக்கிறார்கள். எடை கூடத்தான் இருந்தது. ஆனாலும் வைத்துப் பார்த்தார்களே!

நாங்கள் போனபோது வண்டி மேலே ஏற்றப்பட்டு நின்றது. கீழே விரித்திருந்த அட்டையில் கறுப்புக் கறை. ஜாய்ஸ் அந்த அட்டையை எடுத்துத் தாம்பாளம்போல என் முன்னால் நீட்டினாள்.

"பாருங்க பெரியப்பா, கோலம் போட்டிருக்கு. மலைக்குக் கூட்டிட்டுப் போனவுக, 'ஏம்மா, உன் வண்டி வழியெல்லாம் அழுதுகிட்டே வருதே'ன்னு கேக்குறாக."

இம்மானுவேல் மகளை அதட்டவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டு பேசினார். "அண்ணே, வண்டின்னா ஒழுக்கு வர்றதுதான். சொல்லிட்டுக் கொடுத்திருந்தா நான் ஒண்ணும் நினைச்சிருக்க மாட்டேன். எஞ்சினைப் பளபளன்னு கழுவிக் காட்டுனீகளே, அதுதான் மனசுக்குச் சங்கடமா இருக்கு."

"மறைக்கத்தான் கழுவுனோம்கிறீகளா?"

"நான் சொல்லலைண்ணே. வெளியில பேசிக்கிறாக."

"வெளியில பேசுறதுக்கு நான் பதில் சொல்ல முடியாது. உங்க வாயால சொல்லுங்க."

மகள் சொன்னாள். "நான் சொல்றேன் பெரியப்பா. ஒழுகுற குடத்துக்குப் பொட்டு வச்சு வித்தா அது ஒழுகாத குடமாயிருமா?"

ரோட்டுக்கு அந்தப் பக்கமிருந்து மூக்கம்மாள் குரல் கொடுத்தாள். "ஏ ஆத்தா, பெரிய மனுசர்கிட்டப் பேசுற பேச்சா இது? வந்து டீயக் குடிச்சிட்டுப் பேசு. இன்னும் நல்லா வரும்."

கர்ணன் கையைத் துடைத்துக்கொண்டு வந்தான். எஞ்சினும் கியர்பாக்ஸும் சேருகிற இடத்தில் விரலை வைத்துத் தேய்த்துக் காட்டினான். விரல் கறுப்பாக வந்தது. "ஆயிலைத் தடுக்கிற பின்பக்கத்து சீல் போச்சுங்கய்யா. கியர்பாக்ஸை இறக்கித்தான் மாத்தணும். பெரிய வேலை. இது இன்னைக்கு நேத்து வந்ததில்ல, பழைய நோவு." அவனுக்கு எதிலும் சட்டென்று தீர்ப்புச் சொல்லிப் பழக்கம்.

பழைய நோவு என்றால் அது எங்கள் வீட்டில் இருந்தபோதே வந்தது என்று அர்த்தம். இம்மானுவேல் நிமிர்ந்து என்னைப் பார்த்தார்.

என் மகன் என்னைத் தனியே இழுத்துப் போனான். "அப்பா, பேச்சை வளர்க்க வேணாம். வண்டியை நாமளே திருப்பி எடுத்துக்குவோம். ஒரு ஆயில் ஒழுக்குக்குப் போயி..."

"எடுத்தா என்ன அர்த்தம்? ஆமா, மறைச்சுத்தான் வித்தோம்னு அர்த்தம். நான் இருக்கிற வரைக்கும் அந்த வண்டி குறைப்பட்டு நம்ம வாசல்ல ஏறாது."

திரும்பி வந்து எல்லோரும் கேட்கச் சொன்னேன். "ஒழுக்கு எங்க பொறக்குதுன்னு கண்ணால பாக்காம எவனும் ஒரு நட்டைத் தொடக்கூடாது. கர்ணா, விரலை வச்சது ஒழுக்கு வந்து நிக்கிற இடத்துல. அது கிளம்புற இடம் எது?"

எங்கள் கிணற்று எஞ்சினில் ஒழுக்குத் தேட நாங்கள் செய்வது ஒன்று உண்டு. டீசல் விட்டுத் துடைத்து, காயவைத்து, மேலே திருநீற்றைத் தூவி ஓடவிடுவோம். எங்கே முதலில் நனைகிறதோ அங்கே ஓட்டை. ராஜாத்தி தன் பையிலிருந்து திருநீற்றுப் பொட்டலத்தை எடுத்துவிட்டாள். இம்மானுவேலின் வண்டியில் மாதா படம் தொங்கிக்கொண்டிருந்தது. அவர் வேண்டாம் என்றும் சொல்ல முடியாமல் சரி என்றும் சொல்ல முடியாமல் நின்றார்.

ஜாய்ஸ் வண்டிக்குள் கையை விட்டு முகப்பவுடர் டப்பாவை எடுத்து வந்தாள். "இந்தாங்க. இது எல்லாச் சாமிக்கும் பொது."

கர்ணன் முணுமுணுத்துக்கொண்டே எஞ்சினைத் துடைத்தான். பக்கவாட்டிலும் பின்பக்கத்திலும் அடியிலும் பவுடரைத் தூவினான். மல்லிகைப்பூ வாசம் அடித்தது. பிறகு ஜாய்ஸ் ஓட்ட, நான் முன்சீட்டில் உட்கார, கர்ணனும் இம்மானுவேலும் பின்னால் ஏற, மேகமலை ரோட்டில் கொண்டை ஊசி வளைவுகள் தொடங்கிச் சில திருப்பம் வரைக்கும் ஏறிவிட்டு வந்தோம். அந்தப் பெண் வண்டியை நன்றாகத்தான் ஓட்டுகிறாள். ஏற்றத்தில் கியர் மாற்றும்போது எஞ்சினைத் திணறவிடவில்லை. அதை நான் அவளிடம் சொல்லவில்லை.

திரும்பி வந்து பானெட்டைத் திறந்தோம். டார்ச் அடித்துப் பார்த்தான் கர்ணன். சீலைச் சுற்றி எல்லாப் பக்கமும் வெள்ளையாகவே இருந்தது, மேல்பக்கம் தவிர. மேலேயிருந்து ஒரு கறுப்புக் கோடு இறங்கி வந்திருந்தது. கோட்டைப் பிடித்துக்கொண்டே டார்ச் மேலே போனது. எஞ்சின் மூச்சு விடுகிற ரப்பர்க் குழாய் ஒன்று உச்சியில் இருக்கிறது. அதன் வாயில்தான் ஈரம் தொடங்கியது. அங்கிருந்து எஞ்சினின் முதுகு வழியாக இறங்கி, கியர்பாக்ஸ் சேருகிற இடத்தில் தேங்கி, அங்கிருந்து சொட்டியிருக்கிறது.

"சீல் நல்லாருக்கு" என்றான் கர்ணன். அவனே நம்பாத குரலில் சொன்னான்.

"பழைய நோவுன்னியே?" என்றேன். அவன் டார்ச்சை அணைத்தான்.

ஆயில் கீழே இறங்கட்டும் என்று மூக்கம்மாளிடம் டீ குடித்தோம். பிறகு கர்ணன் அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்தான். குச்சியில் இரண்டு குறி இருக்கும். ஆயில் அந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கவேண்டும். மேல் குறியைத் தாண்டி நெடுக ஏறி நின்றது. இவ்வளவு ஒழுகிய பிறகும்!

"அளவுக்கு மேல கிடக்கு" என்றான் கர்ணன். "உள்ள சுத்துறபோது அடிபட்டு நுரைச்சு, ஏத்தத்துல மூச்சுக் குழாய் வழியா வெளியத் தள்ளியிருக்கு."

ஜாய்ஸ் அவன் பக்கம் திரும்பினாள். "கடைசியா ஆயில் மாத்துனது யாரு? நீங்கதானே கர்ணண்ணே?"

"நான் குறி வரைக்கும்தான் ஊத்துனேன். குச்சிய உருவிச் சுரேஷண்ணன்கிட்டக் காட்டுனேன்."

என் மகன், "காட்டுனாரு, நான் போன் பேசிக்கிட்டு இருந்தேன். சரியாப் பாக்கலை" என்றான்.

"அப்ப இது உங்க கைவேலைதான்" என்றாள் ஜாய்ஸ். "ஊத்தத் தெரியாம ஊத்திட்டு, இப்பக் கியர்பாக்ஸை வேற இறக்கப் பாத்தீகளா?"

கர்ணனின் முகம் சுருங்கிப்போனது. இம்மானுவேல் என்னிடம் வந்து என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அண்ணே, உங்களச் சந்தேகப்பட்டது தப்பு. மனசுல வச்சுக்காதீக. கமிஷன் கடைக்கு நானே வந்து சொல்றேன்."

அந்த இடத்தில் நான் சும்மா இருந்திருந்தால் போதும். எங்கள் வீட்டுப் பெயர் எங்களிடம் வந்துவிட்டது. கர்ணனின் பெயர் போயிருக்கும், அவ்வளவுதான். ராஜாத்தி என்னைப் பார்த்தாள். அவளுக்குத் தெரியும்.

கையை விடுவித்துக்கொண்டேன். "கர்ணன் சரியாத்தான் ஊத்துனான். அதுக்கு மேல ஊத்துனது நான்."

கர்ணன் குச்சியைத் துடைத்துக்கொண்டே நிமிர்ந்தான்.

"வண்டிக்குன்னு வாங்குன ஆயில் டப்பாவுல மிச்சம் இருந்துச்சு. வண்டி இன்னொருத்தருக்குப் போறப்ப மிச்சத்தை நான் வச்சுக்கிறதா? கொடுக்கிற அன்னைக்குக் காலையில முழுசையும் ஊத்துனேன்."

"டப்பாவைக் கவுத்தியும் வச்சாக" என்றாள் ராஜாத்தி. "கடைசிச் சொட்டும் வடியட்டும்னு."

"ஆமா, கவுத்துனேன். கிணத்து எஞ்சினுக்கும் அப்படித்தான் ஊத்துறேன், அது ஒருநாளும் என்னைக் கேட்டதில்லை. கூடக் கொடுத்துக் கெடுத்தான்னு சொல்லுங்க, கேட்டுக்கிறேன். குறைச்சுக் கொடுத்தான், மறைச்சுக் கொடுத்தான்னு சொன்னா, அந்தப் பேச்சை இங்கனயே வாபஸ் வாங்கிறணும். வீட்டுக்கு எடுத்துட்டுப் போகக்கூடாது."

முதலில் சிரித்தது மூக்கம்மாள்தான். "பிள்ளைக்குப் பால் கூடிப்போனாக் கக்கும்ல, அதேதான். இதுக்கா விடிஞ்சதுல இருந்து இம்புட்டுப் பஞ்சாயத்து!"

ஜாய்ஸுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டு சொன்னாள்: "குடம் ஒழுகல பெரியப்பா, வழிஞ்சிருக்கு. நான் சொன்னதை வாபஸ் வாங்கிக்கிறேன். ஆனா எஞ்சினுக்கு மட்டும் தலை தட்டித்தான் ஊத்தணும்."

"அது உன் வண்டி. நீ தட்டிக்கோ" என்றேன்.

கர்ணன் அடியில் இருந்த நட்டைத் தளர்த்தி, மேல் குறிக்குக் கீழே வரும்வரை ஆயிலை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் இறக்கினான். மூச்சுக் குழாயைச் சுத்தம் செய்து புது கிளிப் போட்டு இறுக்கினான். கூலியை நான் கொடுத்தேன். அது அபராதம் இல்லை. ஊற்றியவன்தான் இறைக்கிற கூலியையும் கொடுக்கவேண்டும்.

"இந்த ஆயிலை எடுத்துக்கங்கய்யா" என்று டப்பாவை நீட்டினான்.

"கொடுத்தது கொடுத்ததுதான். எங்க வீட்டுக்குத் திரும்பாது."

"எங்களுக்கும் வேணாம்ணே" என்றார் இம்மானுவேல். கடைசியில் மூக்கம்மாள் வந்து டப்பாவை வாங்கிப் போனாள். அவள் கடை ஷட்டர் ஊரைக் கூட்டுகிற சத்தத்தோடுதான் இதுவரை திறந்துகொண்டிருந்தது. இப்போது சத்தமில்லை.

மறுபடி துடைத்துப் பவுடர் தூவி, அதே வளைவுகள் வரை ஏறி வந்தோம். பானெட்டைத் திறந்தால் கல்யாணப் பெண்போல எஞ்சின் வெள்ளையாக நின்றது. ஒரு கோடு இல்லை.

மத்தியானம் ஆகிவிட்டது. "எல்லாரும் வீட்டுக்கு வந்து சாப்பிட்டுத்தான் போகணும்" என்றேன்.

இம்மானுவேல் தயங்கினார். "அண்ணே, வண்டியை இங்கனயே விட்டுட்டு உங்க கார்ல வர்றோம். வித்த சாமான் வாசல் ஏறாதுன்னு..."

"குறைப்பட்டுத்தான் ஏறாது. விருந்துக்கு வர்றவுக வண்டி ஏறலாம்."

எங்கள் வீட்டு வெளிக்கதவை நானே திறந்துவிட்டேன். நிழல் பார்த்து வேப்பமரத்தடியில் நிறுத்தச் சொன்னேன். ஜாய்ஸ் இரண்டு முறை குழம்பு வாங்கிச் சாப்பிட்டாள். ராஜாத்தி கேட்காமலேயே மூன்றாவது முறையும் ஊற்றினாள். போகும்போது ஒரு பெட்டி பன்னீர் திராட்சை கொடுத்தோம். மேலே ஒரு கொத்து வைத்துத்தான்.

இவ்வளவுதான் நடந்தது.

ஈஸ்வரபாண்டி வண்டியைத் திருப்பி வாங்கிக்கொண்டான், அவன் வீட்டு வேப்பமரத்தடியில் அது நின்றதைப் பார்த்தோம், தரையில் ஆயில் கறைகூடக் கிடக்கிறது என்று உத்தமபாளையம் பக்கம் பேசிக்கொள்கிறார்கள். வாங்கவில்லை. சாப்பிட வந்தவர்களின் வண்டி நின்றது, சாப்பிட்டதும் போய்விட்டது. அந்தக் கறை எங்கள் டிராக்டருடையது.