ஜகரண்டா மரத்து வெள்ளைக்காரர்

அன்று காலை சபீனா மொலெட்சேயின் வீட்டில் இருந்தவர்கள்: சபீனா, வீட்டை இடிக்க வந்த அதிகாரி கொயெட்ஸி, கான்ஸ்டபிள் மத்தேபுலா, நாற்காலியில் ஒரு வெள்ளைக்காரர்.

கடைசி ஆளை சபீனாவே ஜகரண்டா மரத்தில் செதுக்கி, சுண்ணாம்பு அடித்து, குதிரைவால் முடி ஒட்டி, கோட்டு மாட்டி உட்கார வைத்திருந்தாள். பிரிட்டோரியாவின் இந்த ஓரம் இனி வெள்ளையருக்கு மட்டும் என்று அரசாங்கம் அறிவித்திருந்தது. வெள்ளையர்தானே வேண்டும், செய்துவிட்டால் போயிற்று என்று உளியை எடுத்தாள். வெள்ளை முதலாளி ஒருவர் இருந்தால் கறுப்பினத்தவளான அவள் வேலைக்காரியாக அங்கேயே தங்கலாம். செங்கல் செங்கலாக அவள் கட்டிய வீடு அது.

கொயெட்ஸிக்குக் கண் மங்கல். கிழவன் என்பார்களே என்று கண்ணாடி போடமாட்டார்.

"ஏய், யாரு அது?"

"எங்க முதலாளி, பாஸ்."

"நிறத்தை எல்லாம் நம்ப முடியாது. மத்தேபுலா, பென்சில வை."

முடியில் பென்சில் நின்றால் வெள்ளையர் இல்லை, நழுவினால் வெள்ளையர். சோதனை அவ்வளவுதான். மத்தேபுலா பென்சிலைச் செருகும்போது விரல் மண்டையில் இடித்து டொக்கென்றது. அவன் சபீனாவைப் பார்த்தான். சபீனா கூரையைப் பார்த்தாள். பென்சில் வழுக்கித் தரையில் விழுந்தது.

கொயெட்ஸி தொப்பியைக் கழற்றினார். "மன்னிக்கணும் ஐயா."

பதில் இல்லை.

"பெரிய இடம் போல," என்று முணுமுணுத்தார்.

"அக்கா, இது மரம்," என்று கிசுகிசுத்தான் மத்தேபுலா.

"போய்ச் சொல்லேன்."

"வெள்ளைக்காரரை மரம்னு சொன்னா என் வேலை என்னாகும்?"

வீட்டை இடிக்க வெளியே காத்திருந்த புல்டோசர் அடுத்த தெருவுக்குத் திரும்பியது. கொயெட்ஸி வாசலில் நின்றார். "வீட்ல எத்தனை கட்டில்?"

"ஒண்ணுதான், பாஸ்." சொன்ன பிறகுதான் சபீனா நாக்கைக் கடித்தாள். கறுப்பினப் பெண்ணும் வெள்ளையரும் ஒரே கட்டில் என்றால் அதற்கும் ஒரு சட்டம் இருந்தது.

"உங்க வயசுக்கு இது நல்லாவா இருக்கு, ஐயா?" என்று மரத்தைக் கண்டித்துவிட்டு சபீனாவுக்கு விலங்கு மாட்டச் சொன்னார்.

ஸ்டேஷனில் மத்தேபுலா கெஞ்சினான். "அக்கா, மரம்னு ஒரு வார்த்தை சொல்லு. உன்னை விட்டுடுவாங்க."

"வீட்டை?"

"நாளைக்கே இடிச்சிடுவாங்க."

"அப்ப எழுதிக்கடா. ரொம்ப நல்ல மனுஷன். குறட்டைகூட விடமாட்டாரு."

சிறை அறைக்குள் தானே நடந்தாள். மத்தேபுலா இரும்புக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினான்.