சுதாகரன் வீட்டுச் சுவரில் துளை

நெளுக்குளத்தில் சுதாகரன் கட்டிய வீட்டுக்குள் எறும்பு நுழையவும் வழியில்லை. ஜன்னல்களுக்கு இரட்டைக் கண்ணாடி, கதவு விளிம்பெங்கும் றப்பர், கூரைக்குக் கீழே வெயிலைத் தடுக்கும் தடித்த தகடு. தார் உருகும் மத்தியானத்தில் சின்னதொரு ஏசி கொஞ்ச நேரம் ஓடினால் போதும். பொழுதுபடும் வரை குளிர் நின்றது. பார்க்க வந்தவர்கள் எல்லோரும் கரண்ட் செலவைப் பற்றியே கேட்டார்கள். அவன் பதில் சொன்னான். ஆனால் வீட்டை அப்படிக் கட்டியது அதற்காக அல்ல.

அவன் மனைவி கஜேந்தினிக்கு இழுப்பு. வீட்டுக்கு முன்னால் கிரவல் மண் ஏற்றிய டிப்பர் லொறிகள் ஓடும் தெரு. புழுதி எழும்பினால் அவளுக்கு மூச்சு முட்டும். ஒருமுறை ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில், ஓட்டோவுக்குள் அவள் உதடு நீலமாகியது. அதைப் பார்த்த பிறகுதான் சுதாகரன் காற்றுப் புகாத வீடு கேட்டான்.

வீட்டுக்குப் படம் கீறியவள் தேனுகா என்ற இளம் பொறியியலாளர். வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே எடுத்து, பழைய காற்றை வெளியே தள்ளும் மெஷின் ஒன்றையும் அவள் படத்தில் சேர்த்திருந்தாள்.

“ஓட்டை வைக்கிறதெண்டால் நான் ஏன் இவ்வளவு அடைக்கிறன்?” என்று கேட்டு அவன் அதை எடுக்கச் சொன்னான்.

வெயில் காலம் முழுக்கக் கஜேந்தினிக்கு ஒன்றும் வரவில்லை. மாரி தொடங்கியதும் ஏசியை நிறுத்தினார்கள். கண்ணாடிகள் உட்பக்கமாக வியர்த்தன. அலுமாரிக்குப் பின்னால் சுவர் கறுத்தது. ஞாயிற்றுக்கிழமை பொரித்த கருவாடு புதன்கிழமையும் மணத்தது. காலையில் இருவருக்கும் தலையிடி.

“புது வீடுதானே. போகப் போகச் சரிவரும்,” என்றான் சுதாகரன்.

கட்டட வேலை நடந்தபோது அவர்கள் இருந்த தகரக் கொட்டில் பின்வளவில் இன்னும் நின்றது. முதலில் மரக்கறி வெட்டக் கஜேந்தினி அங்கே போனாள். பிறகு தேத்தண்ணி குடிக்கப் போனாள். பிறகு பாயையும் கொண்டுபோனாள். கொஞ்ச நாளில் சுதாகரனும் தன் தலையணையோடு போய்ச் சேர்ந்தான். புது வீடு நன்றாகப் பூட்டிக் கிடந்தது.

ஒரு காலை, அலுமாரியில் சேலை எடுக்க வீட்டுக்குள் போனவளுக்கு இழுப்பு வந்துவிட்டது. தெரு மழையில் நனைந்து கிடந்தது, புழுதி இல்லை. சுதாகரன் ஓடிப்போய் ஜன்னலைத் திறந்தான். டிப்பர் ஒன்று கறுப்புப் புகையோடு போனது. பூட்டினான். பூஞ்சை மணத்தது. மறுபடி திறந்தான்.

இன்ஹேலரை வாயிலிருந்து எடுத்த கஜேந்தினி, “இஞ்சருங்கோ, ஏதாவது ஒண்டைச் செய்யுங்கோ,” என்றாள்.

அடுத்த நாள் தேனுகா, உள்காற்று எவ்வளவு கெட்டிருக்கிறது என்று காட்டும் சின்ன மீற்றர் ஒன்றோடு வந்தாள். மூன்று பேரும் ஜன்னல்களைப் பூட்டிக்கொண்டு வீட்டுக்குள் இருந்து தேத்தண்ணி குடித்தார்கள். மீற்றரில் இலக்கம் ஏறிக்கொண்டே போனது. அது சிவப்பானபோது சுதாகரன் கோப்பையை வைத்தான்.

“நாங்கள் ஒண்டும் செய்யேல்லையே. மூச்சு மட்டும்தானே விட்டனாங்கள்?”

“ஓம் அண்ணை. அதுதான்.”

அவன் மீற்றரைத் திரும்பவும் பார்த்தான். “அதை விடாமலும் இருக்கேலாது.”

“ஜன்னலைத் திறந்து வைச்சால் காணாதோ?” என்று கஜேந்தினி கேட்டாள்.

“தெரு தூரமெண்டால் காணும் அக்கா. மெஷினே தேவையில்லை. இஞ்சை திறந்தாலும் உங்களுக்குக் கரைச்சல், பூட்டினாலும் கரைச்சல். வடிகட்டியோடை மெஷின் வேணும். கரண்ட் போனால் மட்டும் பின்பக்க ஜன்னலைத் திறவுங்கோ.”

“அப்ப போடுவம்,” என்றாள் கஜேந்தினி. சுதாகரனை அவள் கேட்கவில்லை.

துளையிட ஆள் வந்த அன்று, சுதாகரன் ட்ரில்லைக் கையில் வாங்கினான். சுவரில் பென்சிலால் வட்டம் கீறி, அழித்து, அதே இடத்தில் திரும்பவும் கீறினான். பிறகு தானே துளைத்தான். மெஷினைப் பொருத்தி, கறுத்த சுவரைச் சுரண்டிப் பூச்சுப் பூசியதும் அவர்கள் பாயோடு வீட்டுக்குத் திரும்பினார்கள்.

மாசியில் சுற்றிவர நெல் வெட்டு நடந்தது. வடிகட்டியைக் கழற்றிப் பார்த்தபோது அது களிமண் நிறத்தில் இருந்தது. சுதாகரன் அதை அயலவர்களுக்கெல்லாம் காட்டினான். அவர்கள் கரண்ட் செலவைப் பற்றிக் கேட்டார்கள்.

அன்று மத்தியானம் கஜேந்தினி அறையில் நித்திரையாக இருந்தாள். அவன் வாசலில் நின்று காது கொடுத்தான். மெஷின் இரைச்சலில் அவளுடைய மூச்சுக் கேட்கவில்லை. மெஷினை நிறுத்தினான். மூச்சு சீராக வந்தது. கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, மெஷினைத் திரும்பவும் போட்டான்.