கயிற்றுக்கு அந்தப் பக்கம்

உலகப் போரின்போது அந்தப் பசிபிக் தீவில் அமெரிக்கப் படைக்கு மேடை கட்டியது நாங்கள். தென்னைகளை வெட்டி, லாரியில் இழுத்து வந்து, உட்காரத் தோதாக வரிசை வரிசையாகப் போட்டதும் நாங்கள்தான். பாட்டு நிகழ்ச்சியன்று மாலை போனால், கடைசி வரிசைக்குப் பின்னால் ஒரு கயிறு. கறுப்புச் சிப்பாய்களான நாங்கள் அதற்குப் பின்னால் நிற்க வேண்டுமாம். கப்பல்காரர்கள் வராததால் கடைசி இரண்டு மரங்கள் காலியாகக் கிடந்தன. அதிலும் உட்காரக் கூடாதாம்.

எங்கள் லாரிப் படைப்பிரிவில் என் நண்பன் ஈஸல் மறுநாள் சண்டை முனைக்குக் கப்பல் ஏறுகிறான். நடிகை கோரின் டெல்மாரின் படத்தை லூசியானாவிலிருந்து சட்டைப் பையில் சுமந்து வந்தவன். எங்கள் நிறத்துப் பெண் ஒருத்தி திரையில் துடைப்பம் பிடிக்காமல் நின்றதை அவர் படத்தில்தான் நாங்கள் பார்த்தோம். அவரே பாட வருகிறார், ஒரு தடவை முகத்தைப் பார்த்துவிட்டால் போதும் என்று வாரம் முழுக்க என் உயிரை எடுத்தான். கயிற்றருகில் நின்று பார்த்தால் மேடையில் இருப்பவர்களின் முகமே தெரியவில்லை.

கோரின் மேடையேறினார். எங்களைப் பார்த்தார், காலி மரங்களைப் பார்த்தார். அவர்களை உட்காரச் சொல்லுங்கள், பிறகு பாடுகிறேன் என்றார்.

"கோரின், நீ பாட வந்தவ. பாடிட்டுப் போ" என்றார் எங்கள் வெள்ளைக்கார கேப்டன் ஹாஸ்கல். எங்கள் பெண்களுக்கு மரியாதை கொடுத்தால் அவர் நாக்கு வெந்துவிடும்.

"மிஸ் டெல்மார்னு கூப்பிடுங்க. மத்தியானம் உங்க மெஸ்ஸுல எனக்கு எடமில்லன்னு கூடாரத்துக்குச் சாப்பாட்டுத் தட்ட அனுப்புனீங்க. அப்ப நானும் கயித்துக்கு அந்தப் பக்கத்து ஆளுதான்."

இறங்கி நடந்தார். கயிற்றைக் குனிந்து கடந்து, ஈஸலுக்கு எதிரே வந்து நின்றார். கேப்டன் ஜெனரேட்டரை நிறுத்தச் சொன்னார். ஒரே இருட்டு. நாங்கள் லாரிக்காரர்கள், ஓடிப்போய் எல்லா லாரி விளக்கையும் போட்டோம். ஒலிபெருக்கி இல்லாமலே பாடினார். வெள்ளைக்காரர்களில் சிலர் வாய்க்கு வந்தபடி ஏசினார்கள். சிலர் மரத்தில் திரும்பி உட்கார்ந்து அவர் முதுகைப் பார்த்தபடி கேட்டார்கள்.

விடிந்ததும் அவரை விமானத்தில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். விளக்குப் போட்ட குற்றத்துக்கு எங்கள் சார்ஜென்ட்டின் பதவிப் பட்டையைப் பிடுங்கினார்கள். கப்பல் துறையில் ஈஸல் என் தோளைப் பிடித்தான்.

"மொகத்த நல்லாப் பாத்துட்டேன்டா. ஆனா நம்ம போட்ட மரத்துல ஒரு நிமிஷம் உக்காரலியே."

அவன் திரும்பி வரவில்லை. அவன் செத்த செய்தி வந்த வாரமே இன்னொரு நிகழ்ச்சி. கேப்டன் அதே கயிற்றை என்னிடம் கொடுத்துக் கட்டச் சொன்னார்.

கட்டினேன், லாரியின் பின்புறத்தில். மறுமுனையை மரங்களில் மாட்டி, ஒவ்வொன்றாக இழுத்துப் போய்க் கடலில் தள்ளினேன். என்னைச் சிறைக் கூடாரத்தில் போட்டார்கள். போடட்டும். அன்று மாலை கேப்டனும் நின்றுகொண்டேதான் பார்த்தார்.