பன்னிரண்டாவது நாற்காலி

"வலது கால் போதும்மா. சாமியார் அதைத்தான் கழுவுவார்," என்றார் அப்பா.

முப்பது வருடம் லாரி ஆக்ஸிலரேட்டரை மிதித்துக் காய்த்துப்போன பாதம். வெந்நீரில் ஊறவைத்தும் குதிகால் செங்கல் மாதிரியே இருந்தது. அவள் நகவெட்டியை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"கழுவிக்கத்தானே போறீங்க? அதுக்கு முன்னாடி எதுக்கு ஒரு கழுவல்?"

"மனுஷன் குனிஞ்சு முத்தம் குடுப்பாருடி. அழுக்கோடவா நீட்டறது?"

"கட்டிலை விட்டே இறங்கக் கூடாதுன்னு டாக்டர் சொன்னது காதுல விழுந்துச்சா?"

"கோயில் உபதேசியார் காரு அனுப்பறேன்னிருக்கார்."

"அந்த நாற்காலிக்குக் காரு வேற!"

ஈஸ்டருக்கு முந்தின பெரிய வியாழன் மாலைப் பூசையில் பீடத்துக்கு முன்னால் பன்னிரண்டு நாற்காலிகள் போடுவார்கள். இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல் சாமியார் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவார். கடைசி நாற்காலி அவரைக் காட்டிக்கொடுத்த யூதாஸுடையது என்று எவரோ எப்போதோ கிளப்பிவிட்டது. எந்தப் புத்தகத்திலும் இல்லாவிட்டாலும், அதில் உட்கார ஆள் கிடைப்பதில்லை. பத்தொன்பது வருடமாக அப்பாதான் உட்கார்ந்தார். தெருவில் அவர் பெயர் 'பன்னிரண்டு'. பள்ளிக்கூடத்தில் அவள் பெயர் 'யூதாஸ் மக'. பதினைந்து வயதிலிருந்து அவள் வியாழக்கிழமைப் பூசைக்கே போனதில்லை. ஏன்பா நீங்க என்று கேட்ட போதெல்லாம், "யாராவது உக்காரணும்ல" என்பார், பஸ்ஸில் காலியாயிருந்த இடத்தைச் சொல்வதுபோல.

துண்டை அவர் மடியில் எறிந்துவிட்டுத் தொட்டியைத் தூக்கிக்கொண்டு கொல்லைப்புறம் போனாள். தேய்க்கவே தேவையில்லாத தொட்டியைத் தேய்த்தாள். கொஞ்சம் காத்திருக்கட்டும் என்றுதான்.

திரும்பி வந்தபோது அவர் சுவரில் சாய்ந்திருந்தார். துண்டு மடியிலேயே கிடந்தது. ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் ஒரு நாளைக்கு நாற்பது கைகளில் நரம்பு தேடுகிறவள் அவள். மணிக்கட்டில் இரண்டு விரலை வைத்தாள். அடுத்த கையை எடுத்தாள்.

"அப்பா, விளையாடாதீங்க," என்றாள், அதே எரிச்சல் குரலில்.

டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார். பக்கத்துத் தெரு அத்தை தலையில் அடித்துக்கொண்டே வந்தாள். "வருஷத்துல அத்தனை நாளிருக்க, எங்கண்ணனுக்கு இன்னைக்குத்தானா தோணணும்! நாளைக்குப் பெரிய வெள்ளி. நாளன்னைக்கும் பூசை கெடையாது. பூசை வச்சு மந்திரிச்சு அனுப்பக்கூட ஆளில்லாம..."

கோயில் பங்கு அலுவலகத்திலும் அதையேதான் சொன்னார்கள். நாளை ஜெபம் சொல்லி அடக்கம் செய்யலாம், பூசை திங்கட்கிழமைதான். வெளியூரிலிருந்து தம்பி போனில் கத்தினான்: "பூசை இல்லாம அப்பாவை அனுப்பறதா? திங்கள் வரைக்கும் வச்சிருப்போம், அக்கா."

"வைக்கிறதுக்கு அவர் என்ன பார்சலாடா? மொதல்ல நீ கெளம்பி வா."

நாலு மணிக்கு உபதேசியார் வந்தார். ஜெபம் சொன்னார். சொல்லி முடித்தும் எழுந்திருக்கவில்லை. கைக்குட்டையை மடித்தார், பிரித்தார்.

"என்ன சொல்லணுமோ சொல்லுங்கய்யா."

"சங்கடமாத்தாம்மா இருக்கு. ஒரு ஆள் குறையுது."

அவள் தலைமாட்டு மெழுகுவத்தியின் திரியை நேராக்கினாள்.

"எட்டு பேரைக் கேட்டுட்டேன். ஒருத்தருக்கு முதுகுவலி, ஒருத்தருக்குக் கால்ல புண்ணு. காலையில வரை நல்லா ஓடிக்கிட்டிருந்தவங்கதான். இப்ப இப்படி ஆனதும் ஒருத்தரும் அந்த நாற்காலி கிட்டவே வரலை. பதினொண்ணோட முடிச்சுக்கலாம்னு பேசிக்கிறாங்க. பந்தியிலேருந்து யூதாஸ் எந்திரிச்சுப் போயிட்டான்னு வச்சுக்குவோம்னு கண்ணாடிக் கடைக்காரர் சொல்..."

சொல்ல வந்ததன் லட்சணம் அப்போதுதான் அவருக்கே புரிந்திருக்க வேண்டும். நிறுத்திக்கொண்டார்.

கண்ணாடிக் கடைக்காரர் பதினோராவது நாற்காலி. 'காட்டிக்குடுத்து வாங்கின முப்பது வெள்ளிக்காசு பத்திரமா இருக்கா?' என்று வருடா வருடம் அப்பாவிடம் கேட்பவர். அதை அப்பாவே வீட்டில் வந்து சொல்லிச் சிரிப்பார். அவர் சிரிப்பதுதான் அவளுக்குத் தாங்காது.

"பொம்பளைங்க உக்காரலாமில்ல?"

"உக்காரலாம்னு ஃபாதர் போன வருஷமே சொல்லிட்டாரு. ஆனா உங்க வீட்டுல இப்ப..."

"அத்தை, பாத்துக்குங்க."

"எங்கடி கெளம்பிட்ட? அப்பன் இங்க படுத்துக் கெடக்கறான்!"

"ஒரு மணி நேரம் அத்தை. அவரு எங்கயும் போயிட மாட்டாரு."

கோயிலில் பதினொரு ஆண்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். பன்னிரண்டாவது நாற்காலியைத் தூண் ஓரமாகச் சுவரைப் பார்க்கத் திருப்பிப் போட்டிருந்தார்கள். கெட்டி மரம், தூக்க முடியவில்லை. இழுத்தாள். சிமெண்டுத் தரையில் அது போட்ட சத்தத்தில் பாடகர் குழு ஒரு வரியைத் தவறவிட்டது. யாரும் உதவிக்கு வரவில்லை. வந்திருந்தால் கத்தியிருப்பாள். வரிசையின் கடைசியில் நிறுத்தி, கோணலை முழங்காலால் சரிசெய்து, உட்கார்ந்தாள்.

சாமியார் அந்தப் பக்கத்திலிருந்து தொடங்கினார். குனிந்தார், ஊற்றினார், துடைத்தார். எழுந்து அடுத்தவரிடம் வந்து மறுபடி குனிந்தார். முதலில் உட்கார்ந்தவரின் வேலை அரை நிமிடத்தில் முடிந்துவிட்டது. இங்கிருந்து பார்த்தால், வயதான சாமியார் பதினொரு தடவை முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்திருப்பது தெரியும். பத்தொன்பது வருடமும் இதையா அப்பா பார்த்துக்கொண்டிருந்தீர்கள்? வீட்டில் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே. சொல்லவில்லை. இனிமேல் யாரிடம் போய்ச் சண்டை பிடிப்பது?

ஐந்து, ஆறு. மற்றவர்கள் செருப்பைக் கழற்றி நாற்காலிக்குக் கீழே தள்ளியிருந்தார்கள். அவளும் கழற்றினாள். காலி இடம்தானே என்று கண்ணாடிக் கடைக்காரர் தன் செருப்புகளை இந்தப் பக்கம் பரப்பி வைத்திருந்தார். அவள் தன்னுடையதைக் கையிலேயே வைத்துக்கொண்டாள்.

கடைக்காரர் அவளைப் பார்க்கவில்லை. பீடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். ஒன்பதாவது ஆளுக்குத் தண்ணீர் ஊற்றும்போது மெல்லக் குனிந்து, ஒன்று, பிறகு இன்னொன்று, செருப்புகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார்.