கொசுறாக ஒரு முழம்

இரும்புக் கூண்டு இரண்டாம் மாடி ஜன்னலுக்கு நேராக வந்ததும் விக்கி நின்றது. உள்ளே இருந்த ஜவுளிக்கடை வெள்ளைத்துரை, கையிலிருந்த சீரியல் பல்பு மாலையை விட்டுவிட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டார். மாலை கூண்டின் ஓரத்தில் மாட்டித் தொங்கியது. கீழே, ஷட்டர்கள் திறக்காத தி. நகர் சந்தில், பழைய டிராக்டரின் பம்ப் ஊளையிட்டது.

செங்கல்பட்டு வயல்களில் உழுது ஓய்ந்த வண்டி. கடைகளுக்கு விளக்குக் கட்டும் தொழிலுக்கென்று வாங்கி, முன்னால் கூண்டு பொருத்த ஆதம்பாக்கம் பட்டறைக்குக் கொண்டுபோனார். பட்டறைக்காரர் பொன்னுரங்கம் அப்போதே சொன்னார்: "நாப்பது லிட்டர் எண்ணெ டேங்க் வேணும் அண்ணாச்சி. கூண்டு மேல போவ சொல்ல, அத்தத் தூக்குற ரெண்டு சிலிண்டரும் எண்ணெய உறிஞ்சிக்கும். டேங்க்ல மிச்சம் நிக்கலன்னா பம்ப்பு காத்தக் குடிக்கும்."

"இருவதுல முடியும்வே."

"பேசிக் கொறைக்க இது இன்னா பொடவையா?"

யார் எந்த எண்ணைச் சொன்னாலும் அதில் பாதி பேரத்துக்காகச் சேர்த்தது என்று கல்லாவடியில் தவழும்போதே கற்றவர் வெள்ளைத்துரை. டாக்டர் எழுதித்தரும் மாத்திரையையும் பாதியாகத்தான் விழுங்குவார். இருபத்தைந்தில் படிந்தது. பாதி உயரத்துக்கு மேல் போகக்கூடாது என்று பேச்சு.

போணியை அடுத்தவன் கையில் கொடுக்கக்கூடாதென்று இன்று தன் கடை முகப்பிலேயே முதல் மாலையைக் கட்டத் தானே ஏறினார். பாதி உயரத்தில் மாலை மாட்டும் கொக்கி எட்டவில்லை. "ஒரு முழம் கொசுறு போடும்வே."

"வேணாம் அண்ணாச்சி."

"ஊருக்கே கொசுறு குடுக்கிறவன் நான்."

பொன்னுரங்கம் லிவரைத் தள்ளினார். இப்போது அந்த முழத்தில்தான் வெள்ளைத்துரை நிற்கிறார். ஜன்னல் வழியே தப்பலாமென்றால் கிரில். திருடனுக்குப் பயந்து அவரே போட்டது. சட்டைப்பையில் போன் அதிர்ந்தது, மனைவி ஜெயபாரதியாக இருக்கும். அந்த அதிர்வுக்கே கூண்டு சாய்வதுபோல் கம்பியை இன்னும் இறுக்கினார்.

"எறக்கும்வே!"

"எண்ணெ லைன்ல காத்து பூந்துகினு கீது. வால்வ தொறந்தா குலுங்கும். தொறக்காம வுட்டாலும் வால்வு பழசு, தானா எறங்குது. கரண்ட கட் பண்ண சொல்லி ஈபிக்கு போன் அடிச்சிக்கினே கீறேன், எவனும் எடுக்கல. கூண்டுலேர்ந்து அந்த கரண்ட் ஒயரு எவ்ளோ தூரத்துல கீது?"

அவர் கழுத்தைத் திருப்பாமல் கண்ணை மட்டும் திருப்பினார். "ஒரு சாண்."

"நெசமாவா? கொறச்சி கிறச்சி சொல்லிடாதீங்க."

"ஒரு சாண்தான்வே. சத்தியமா." குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. "நாப்பதே வச்சிரும் பொன்னுரங்கம். அம்பதுகூட வச்சிரும்."

"இப்ப இன்னா அதுக்கு? குந்துங்க. கைய உள்ள வைங்க."

கம்பியைக் கட்டிக்கொண்டு மெல்லச் சரிந்து உட்கார்ந்தார். கூண்டின் அடிக்கம்பிகளுக்கிடையே டேங்க் மூடி தெரிந்தது. அதன் ஓரமெல்லாம் எண்ணெய் வெள்ளையாக நுரைத்தது. பக்கத்தில் லிவர்மேல் பொன்னுரங்கத்தின் உள்ளங்கை.

கை அசைந்தது. கூண்டு ஒரு விரற்கடை இறங்கி, நின்று, உதறியது. ஓரத்தில் தொங்கிய பல்பு மாலை கரண்ட் ஒயர் பக்கம் ஒருமுறை வீசிப்போய்த் திரும்பியது. அடுத்த முறை ஒயரை இன்னும் கொஞ்சம் நெருங்கிப் போனது.